சாவி கொடுத்தால் வேலை ஓடும் டைமர்: வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது முட்டை வேகவைக்க டைமர் தேடுகிறவர்களுக்கான விமர்சனம் இல்லை. அதற்கு இது தாராளமாகப் போதும். குக்கர் விசிலை எண்ணியே பழகிய நம் வீடுகளில் அதற்கு இது தேவையா என்பது வேறு விஷயம். மாதக்கணக்கில் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும் ஒரு வேலையின் முன்னால் நம்மைப் பிடித்து உட்கார வைக்க இந்தத் தக்காளி வடிவ பிளாஸ்டிக் சாமான் உதவுமா என்பதைத்தான் எழுதப்போகிறேன். உதவுகிறது. எல்லாருக்கும் இல்லை, எல்லா வேலைக்கும் இல்லை. ஆனால் 300 ரூபாய் சுற்றுவட்டாரத்தில் இதைவிட உருப்படியான ஒன்றை நான் வாங்கியதாக நினைவில்லை.

உள்ளங்கையில் அடங்கும் அளவு. நடுவில் வெட்டியது போல ஒரு கோடு ஓடும், கீழ்ப்பாதி அசையாது, மேல்பாதியைப் பிடித்துத் திருக வேண்டும். கோட்டை ஒட்டி 0 முதல் 55 வரை ஐந்து ஐந்தாக எண்கள், இடையில் நிமிடத்துக்கு ஒரு சின்னக் கோடு. பேட்டரி கிடையாது. உள்ளே ஒரு சுருள்வில், சில பல்சக்கரங்கள், ஒரு மணி, அவ்வளவுதான். பெரிய பாத்திரக் கடைகளிலும் கேக் சாமான் விற்கும் கடைகளிலும் கிடைக்கிறது, ஆன்லைனில் 200இலிருந்து 500 ரூபாய் வரை பல விலையில் இருக்கிறது. கம்பெனி பெயர் பார்த்து வாங்கும் பொருள் இல்லை, என்னுடையது வந்த பெட்டியில் பெயரே இல்லை. கோழி, முட்டை, எலுமிச்சை என்று வேறு வடிவங்களும் உண்டு. உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே எந்திரம்தான், அதனால் எது அழகு என்று யோசித்து ஒரு வாரத்தை வீணாக்க வேண்டாம். இதை வாங்க நினைக்கிறவர்கள் அப்படி யோசிக்கிற ஆட்களாகத்தான் இருப்பார்கள் என்பதால் சொல்கிறேன்.

ஆன்லைனில் பலர் ஒரு ஸ்டார் கொடுத்து “மணி அடிக்கவில்லை, ஏமாற்று” என்று எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள். அதில் பெரும்பாலும் சாவி கொடுக்கும் விதத்தில்தான் கோளாறு. 10 நிமிடம் வேண்டும் என்றால் நேராக 10க்குத் திருகி விட்டுவிடக் கூடாது. முதலில் 55 வரை முழுக்கத் திருக வேண்டும், அப்புறம் அங்கிருந்து மெதுவாக 10க்குப் பின்னால் கொண்டுவர வேண்டும். வில்லுக்கு முழு முறுக்கு ஏறினால்தான் கடைசியில் மணியைத் தட்டத் தெம்பு இருக்கும். திருகும்போது ‘கிர்ர்ர்க்’ என்று ஒரு சத்தம், கையை எடுத்ததும் சுவர்க்கடிகாரத்தைவிட வேகமாக டிக்டிக்டிக் என்று ஓடத் தொடங்கும். நேரம் முடிந்ததும் ஓரிரு வினாடி ‘ட்ர்ர்ரிங்’, முடிந்தது. மறுபடி அடிக்காது, “இன்னும் ஐந்து நிமிடம்” என்று கெஞ்ச ஸ்னூஸ் பட்டனும் கிடையாது. 25 வைத்தால் 24இலும் முடியும், 26இலும் முடியும். நம் வேலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இனி நான் எதற்குப் பயன்படுத்துகிறேன் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மேலே சொன்னதற்கு அர்த்தம் கிடையாது. ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். கண்மாய், அதாவது ஏரிப் பாசனம் பற்றியது. களப்பணி முடிந்து, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடை, மிகுநீர் வழியும் கலுங்கு, நீர் வந்துசேரும் வரத்துக்கால் என்று ஊர் ஊராக எடுத்த குறிப்புகள் பெட்டியில் கிடக்கின்றன. எழுதுவது மட்டும் பாக்கி. பகுதிநேர ஆய்வாளர்களுக்குத் தெரியும், இந்த ‘எழுதுவது மட்டும் பாக்கி’ என்ற நிலையில் ஒருவர் எத்தனை வருடம் வேண்டுமானாலும் குடியிருக்கலாம். வாடகை கிடையாது, பல்கலைக்கழகத்துக்குக் கால நீட்டிப்புக் கட்டணம் கட்டினால் போதும்.

முதல் அத்தியாயத்தின் முதல் வாக்கியம் தமிழ்நாட்டில் எத்தனை ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன என்று தொடங்கும். இந்தத் துறையில் எல்லாரும் அப்படித்தான் தொடங்குவார்கள். 39,202 என்று பல இடங்களில் இருக்கும், சில ஆவணங்களில் 41,000க்கு மேல் இருக்கும். ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளவை, நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளவை என்று பிரித்தால் கணக்கு இன்னும் சிக்கலாகும். எது சரி, எந்த ஆண்டுக் கணக்கு, எதை மேற்கோள் காட்டினால் வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேள்வி கேட்க மாட்டார்? இதைத் தேடி ஒரு சாயங்காலம் போகும். தேடுவதும் ஆராய்ச்சிதானே, அதனால் மனசாட்சி உறுத்தாது. அடுத்த நாள் அந்த வாக்கியத்தையே வேறு மாதிரி தொடங்கலாமே என்று தோன்றும். கோப்பைத் திறந்தால் எழுத்துரு சரியில்லை, ஓரத்தில் விட்ட இடைவெளி பல்கலைக்கழக விதிப்படி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பாட்டிகள் சொல்வார்கள். ஆடத் தெரிந்தவள்தான் கூடத்தை இன்னும் அதிகமாக அளந்துகொண்டிருப்பாள் என்பது என் அனுபவம். தெரியாதவள் எப்படியோ ஆடிவிட்டுப் போய்விடுகிறாள்.

நம் ஊரில் இதற்குக் காலண்டரும் துணைக்கு வரும். திங்கள்கிழமையில் இருந்து என்போம், ஒன்றாம் தேதியில் இருந்து என்போம், ஆடி முடியட்டும் என்போம், விஜயதசமி அன்று தொடங்கினால் நல்லது என்போம். கிழிக்கிற காலண்டரில் நல்ல நேரம் காலை 9.15இல் இருந்து 10.15 என்று போட்டிருந்தால் 10.20க்கு உட்காருவதில் என்ன பயன், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். நாள் பார்ப்பதைக் கிண்டல் செய்யவில்லை, கல்யாணத்துக்குப் பார்க்கட்டும். ஒரு பக்கக் குறிப்பு எழுதுவதற்குப் பார்த்தால் வருடம் போய்விடும்.

டைமர் இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. அது ‘அத்தியாயத்தை முடி’ என்று கேட்பதில்லை. மணி அடிக்கும் வரை உட்கார் என்கிறது, அவ்வளவுதான். அத்தியாயம் முடிப்பது என் கையில் முழுதாக இல்லை, தரவு வேண்டும், யோசனை வேண்டும், நெறியாளருக்குப் பிடிக்க வேண்டும். 25 நிமிடம் உட்காருவது முழுக்க என் கையில் இருக்கிறது. தோற்க முடியாத அளவுக்குச் சின்ன வேலையாக அது மாறிவிடுகிறது. அதோடு தொடங்குவது என்பது மனதுக்குள் எடுக்கும் முடிவாக இல்லாமல் கையால் செய்யும் ஒரு காரியமாகிவிடுகிறது: பிடித்தேன், திருகினேன், விட்டேன், டிக்டிக் கேட்கிறது, சரி இனி என்ன செய்வது, எழுத வேண்டியதுதான்.

இந்த யோசனை புதிதல்ல. 1980களின் பிற்பகுதியில் இத்தாலியில் கல்லூரி மாணவராக இருந்த பிரான்செஸ்கோ சிரில்லோ படிப்பில் மனம் நிற்காமல் தவித்தபோது, பத்து நிமிடம் ஒழுங்காகப் படிக்க முடிகிறதா பார்ப்போம் என்று தனக்குத்தானே பந்தயம் கட்டி, சமையலறையில் இருந்த தக்காளி வடிவ டைமரை எடுத்து வைத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இப்போது எல்லாரும் சொல்லும் பொமடோரோ முறை: 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு, நான்கு சுற்று முடிந்ததும் 15 முதல் 30 நிமிடம் வரை நீண்ட ஓய்வு. இதில் எனக்குப் பிடித்தது அந்த 25, 5 கணக்கு இல்லை, அந்தப் பத்து நிமிடப் பந்தயம்தான். அத்தனை பேர் பின்பற்றும் ஒரு முறையின் தொடக்கமே அவ்வளவு சின்னதாக இருந்திருக்கிறது. முறையை முழுசாகப் படித்துவிட்டு, அட்டவணை போட்டு, நிறம் தீட்டி, அப்புறம் தொடங்கலாம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நான் நான்கு சுற்றெல்லாம் எண்ணுவதில்லை. முடியும்போது இரண்டு, முடியாதபோது ஒன்று.

கனடாவின் ஒட்டாவாவில் உள்ள கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் தள்ளிப்போடுதலையே பல வருடங்கள் ஆராய்ந்தவர் டிமதி பிச்சில். மாணவர்களிடம் பேஜரைக் கொடுத்து, அது அடிக்கும்போதெல்லாம் இப்போது என்ன செய்கிறீர்கள், செய்ய வேண்டிய வேலை எப்படித் தோன்றுகிறது என்று கேட்டு எழுதவைத்த ஆய்வு அவருடையது. தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கும்போது மலையாகத் தெரிந்த வேலை, தொடங்கிய பிறகு அவ்வளவு கஷ்டமாகத் தெரியவில்லை என்பதை அவர் திரும்பத் திரும்பச் சொல்வார். 2013இல் அவரும் ஃபியூஷா சிரோயிஸும் சேர்ந்து எழுதிய கட்டுரையின் சாரம் இன்னும் முக்கியம்: தள்ளிப்போடுவது நேரத்தை நிர்வகிக்கத் தெரியாததால் வருவதில்லை. அந்த வேலையை நினைத்தாலே வரும் சங்கடத்தை இந்த நிமிடத்துக்கு மட்டும் ஆற்றிக்கொள்ளும் வழி அது. இது எனக்கு ஒத்துப்போகிறது. கண்மாய்க் கோப்பைத் திறக்காமல் துணி மடித்தேன் என்றால் எனக்கு நேரம் இல்லை என்று அர்த்தம் இல்லை, இத்தனை துணி மடிக்க நேரம் இருந்திருக்கிறதே.

அப்படியானால் சங்கடம் தீர்ந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருப்பதில் லாபம் இல்லை, ஏனென்றால் அது தொடங்கினால்தான் குறைகிறது. முதல் ஐந்து நிமிடம் கொடுமையாகத்தான் இருக்கும், இந்த டைமர் அதை மாற்றாது. டிக்டிக் சத்தம் கேட்டுக்கொண்டே இருப்பதால், எழுந்து போவதற்கு ஒரு நாணம் வருகிறது, அவ்வளவுதான் அதன் உதவி. பத்தாவது நிமிடத்துக்கு மேல் சத்தம் காதில் விழுவதே நின்றுவிடும்.

மணி அடிக்கும்போது வாக்கியத்தின் பாதியில் இருப்பேன், அங்கேயே பேனாவை வைத்துவிடுவேன். ஆரம்பத்தில் இது அபத்தமாகத் தோன்றும். ஆனால் பாதியில் விட்ட வேலை நம்மைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். பெர்லினில் உளவியலாளர் குர்ட் லெவினின் மாணவியாக இருந்த மரியா ஓவ்சியான்கினா 1928லேயே இதைச் சோதித்து எழுதியிருக்கிறார், வேலையின் நடுவில் நிறுத்தப்பட்டவர்கள், யாரும் சொல்லாமலே, வாய்ப்புக் கிடைத்ததும் அதற்குத் திரும்பப் போனார்கள். காபி போட அடுப்படிக்குப் போனாலும் பாதி வாக்கியத்தின் மிச்சம் வாயில் ஓடிக்கொண்டிருக்கும். பத்தியை அழகாக முடித்துவிட்டு எழுந்த நாட்களில்தான் மறுநாள் மறுபடி முதலில் இருந்து போராட வேண்டியிருக்கிறது.

இனி அந்தக் கச்சிதப் பைத்தியம் பற்றி. எல்லாம் சுத்தமாக, குறையில்லாமல் வர வேண்டும் என்று நினைப்பதால்தான் தள்ளிப்போடுகிறோம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம், கேட்கவும் நன்றாக இருக்கும். கால்கரி பல்கலைக்கழகத்தின் பியர்ஸ் ஸ்டீல் 2007இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது தள்ளிப்போடுதலோடு கச்சிதத்துக்கு இருந்த தொடர்பு மிகவும் பலவீனமாக இருந்தது. வேலை பிடிக்காமல் இருப்பது, பலன் கைக்கு வர நாளாவது, ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை குறைவது, நினைத்தவுடன் வேறு பக்கம் தாவுவது இவைதான் வலுவான காரணங்கள். 2017இல் சிரோயிஸும் மற்றவர்களும் வெளியிட்ட இன்னொரு தொகுப்பாய்வு இதை இரண்டாகப் பிரித்துக் காட்டியது. உயர்ந்த தரம் வேண்டும் என்று பாடுபடுகிறவர்கள் உண்மையில் குறைவாகத்தான் தள்ளிப்போடுகிறார்கள். தப்பு வந்துவிடுமோ, பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்களோ என்று கவலைப்படுகிறவர்கள்தான் அதிகம் தள்ளிப்போடுகிறார்கள். ஆக, நம் கைகளைக் கட்டிப்போடுவது தரத்தின் மேல் உள்ள ஆசை இல்லை, நாலு பேர் பற்றிய பயம்.

அந்தப் பயத்துக்கு டைமர் மருந்து ஆகுமா? பாதிதான் ஆகும். மணி அடிக்கும் வரை எழுதுவதை யாரும் பார்க்கப்போவதில்லை என்று நமக்கு நாமே ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ள அது வசதி செய்து தருகிறது. என் விதி ஒன்றுதான்: டிக்டிக் ஓடும் வரை எதையும் அழிக்கக் கூடாது. கணினியில் இது முடியவே முடியாது, விரல் தானாகவே பின்னழி விசைக்குப் போகிறது. அதனால் ரஃப் நோட்டு, பந்துமுனைப் பேனா. எண் தெரியவில்லை என்றால் ‘ஏரி எண்ணிக்கை, அப்புறம் பார்’ என்று கட்டம் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். பொருத்தமான சொல் வரவில்லை என்றால் பேச்சில் வருகிற சொல்லையே போடுவேன். “இந்த ஊர்ல மடையை யார் திறக்கிறதுன்னே சண்டை” என்று என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் தொடங்கியது. இப்போது அது ‘நீர்ப் பகிர்வில் அதிகாரப் போட்டி’ என்று கோட் சூட் போட்டுக்கொண்டு நிற்கிறது. முதலில் எழுதியதுதான் நன்றாக இருந்தது என்று இன்றும் நினைக்கிறேன், நெறியாளர் ஒத்துக்கொள்ளவில்லை.

நோட்டு விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். புதிய நோட்டு வேண்டாம். புது நோட்டு வாங்கினால் பிள்ளையார் சுழி போட்டு, முதல் பக்கத்தில் முத்து முத்தாக எழுதி, மூன்றாம் பக்கத்தில் கையெழுத்து கோணியதும் அந்த நோட்டே பிடிக்காமல் போகும் ஆட்கள் நாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருடக் கடைசியில் விட்டுவைக்கும் மிச்சப் பக்க நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஏற்கெனவே பாழான நோட்டில் பயம் இல்லை.

டைமர் செய்யாத பாதியையும் சொல்லிவிடுகிறேன். எழுதியதை இன்னொருவரிடம் கொடுக்கும் பயத்தை அது தொடுவதேயில்லை. பக்கங்கள் சேர்ந்துகொண்டே போகும், அனுப்பும் பொத்தானை அழுத்தக் கை வராது. அதற்கு எந்தக் கடையிலும் சாமான் கிடையாது. நெறியாளரோ சக ஆய்வாளரோ “அரைகுறையாக இருந்தாலும் வெள்ளிக்கிழமை கொடு” என்று சொல்ல வேண்டும். சரியான ஆள் அமைந்தால் அது 300 ரூபாய் டைமரைவிடப் பல மடங்கு மதிப்புள்ளது. அப்புறம், உண்மையிலேயே மனச்சோர்வில் படுக்கையைவிட்டு எழ முடியாமல் இருப்பவர்களிடம் ‘25 நிமிடம் உட்கார்’ என்று சொல்வதற்கு இது கருவி இல்லை. அவர்களுக்கு மருத்துவர் வேண்டும், தக்காளி வேண்டாம்.

எங்கள் வீட்டில் இதற்கு இன்னொரு பயனாளியும் உண்டு. அக்கா மகன் டிஎன்பிஎஸ்சி குரூப் 4க்குப் படிக்கிறான், எங்களோடுதான் தங்கியிருக்கிறான். படிக்கிறான் என்றால், சார்ட் பேப்பரில் மூன்று நிற ஸ்கெட்ச் பேனாவில் கால அட்டவணை இருக்கிறது, டெலிகிராமில் இறக்கிய பிடிஎஃப்கள் போன் நிறைய இருக்கின்றன, ஆறாம் வகுப்பில் இருந்து பன்னிரண்டு வரை சமச்சீர் புத்தகங்கள் அடுக்காக இருக்கின்றன, அதில் ஒன்றுகூட முனை மடங்கவில்லை. முதலில் இந்த டைமரைப் பார்த்து, “என்ன சித்தி, பாம் மாதிரி டிக்டிக்குனு ஓடுது, இதெல்லாம் போன்லயே இருக்கே” என்றான். போனில்தான் இருக்கிறது, அதுதான் பிரச்சினை. டைமர் வைக்கப் போனை எடுத்தால் அதில் நாலு மெசேஜ் நிற்கிறது, டைமரே வைக்காமல் அரை மணி நேரம் ஓடிவிடுகிறது.

அவனுக்கு 25 வேண்டாம், பத்து என்று வைத்தோம். ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம், முதல் இயல், குறிப்பு எடுக்கக் கூடாது, அடிக்கோடு போடக் கூடாது, வெறுமனே படி. குறிப்பு எடுக்கும் அழகில் அவன் மாட்டிக்கொள்வான் என்பதால் அந்தத் தடை. தாளில் இருக்கும் 200 கேள்விகளில் 100 தமிழ்த் தகுதிப் பகுதி, அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள், எனவே அதில் தொடங்குவதில் தப்பே இல்லை. பத்து நிமிடம் முடிந்து மணி அடித்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, “இந்தப் பாடத்துல இன்னும் ரெண்டு பக்கந்தான் இருக்கு, முடிச்சிடவா?” நான் ஒன்றும் சொல்லவில்லை. பாஸ் ஆவானா தெரியாது, போட்டி அப்படி. புத்தகத்தின் முனை மடங்கியிருக்கிறது.

ஆனால் மாதிரித் தேர்வு எழுதிப் பார்க்க இதை வாங்க வேண்டாம். தேர்வு மூன்று மணி நேரம், இதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்க முடியாது, நடுநடுவே சாவி கொடுக்க வேண்டும், நிமிடக் கணக்கும் துல்லியம் இல்லை. அதற்குச் சாதாரணக் கைக்கடிகாரமே மேல்.

வேறு என்னவெல்லாம் சந்தையில் இருக்கின்றன என்றால், காந்தம் வைத்த டிஜிட்டல் டைமர் இதே விலைக்குக் கிடைக்கிறது. துல்லியமாக ஓடும், சத்தம் போடாது, மணி ‘பீப் பீப்’ என்று நாம் நிறுத்தும் வரை கத்தும். பொத்தானை நிமிடத்துக்கு ஒரு முறை அழுத்தி 25க்குக் கொண்டுபோவதற்குள் எனக்கு ஆர்வம் போய்விடுகிறது, ஓடுவது காதுக்குத் தெரியாததால் மேசையில் அது இருப்பதும் மறந்துவிடுகிறது. அமெரிக்காவில் 1994இல் ஜேன் ரோஜர்ஸ் என்ற அம்மா தன் மகளுக்கு நேரம் போவதைக் கண்ணால் பார்த்துப் புரிய வைக்க உருவாக்கிய ‘டைம் டைமர்’ இன்னொரு வகை, சிவப்பு வட்டம் கொஞ்சம் கொஞ்சமாக மறையும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அதுதான் சிறந்த யோசனை. இறக்குமதி விலை கட்டுப்படியாகாது, அதே மாதிரி செய்த மலிவான நகல்கள் கிடைக்கின்றன. மணல் கடிகாரம் பார்க்க அழகு, திரும்பிப் பார்த்தால்தான் முடிந்தது தெரியும், எனவே மேசை அலங்காரம். போனில் மரம் வளர்க்கும் ஆப்களும் பிறர் படிப்பதைப் பார்த்துக்கொண்டே படிக்கும் வீடியோக்களும் சிலருக்கு நன்றாக வேலை செய்கின்றன, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறக்கும் மனவலிமை உள்ளவர்களுக்கு. அந்த வலிமை உள்ளவர்களுக்கு டைமரே தேவைப்படாது என்பது என் கட்சி.

குறைகள் நிறைய இருக்கின்றன, ஒளிக்க ஒன்றும் இல்லை. டிக்டிக் சத்தம் பெரிது. மர மேசையில் நேரடியாக வைத்தால் மேசையே சேர்ந்து அதிரும். இரவில் ஒரே அறையில் வேறு யாராவது தூங்கினால் சண்டை நிச்சயம். துண்டை நாலாக மடித்து அதன் மேல் வைத்தால் பாதி குறையும். நூலகத்துக்குக் கொண்டுபோகவே முடியாது. பல்சக்கரங்கள் பிளாஸ்டிக், ஒரு முறை கீழே விழுந்தால் அடுத்த நாள் 17ஆம் நிமிடத்தில் நின்றுபோகும். முன்பு ஆன்லைனில் வாங்கிய ஒன்று அப்படித்தான் போனது, மாற்றித் தர முடியாது என்றுவிட்டார்கள். நடுவில் நிறுத்தி வைக்க வழி இல்லை. கூரியர்காரர் வந்தால் வந்ததுதான், நேரம் ஓடிக்கொண்டேயிருக்கும், அந்தச் சுற்றைக் கைவிட்டுவிட்டு மறுபடி 55க்குத் திருக வேண்டியதுதான். சிரில்லோவின் விதியும் அதேதான், பாதிச் சுற்றுக்குக் கணக்கு கிடையாது. கரண்ட் போனாலும் ஓடும் என்பது ஒரு லாபம், நெட்டும் போய்விடுவதால் எங்கள் தெருவில் மின்தடை நேரம்தான் இப்போதெல்லாம் நன்றாக எழுத வருகிறது.

பெரிய குறை ஒன்று உண்டு. எழுத்து நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதும் இந்த மணி அடித்துவிடும். பாதியில் விட்டால் திரும்ப வர ஆசை இருக்கும் என்று மேலே எழுதினேன், அது வாக்கியத்துக்குச் சரி. ஐந்தாறு தரவை ஒரே நேரத்தில் மனதில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒப்பிடும் வேலைக்கு இந்தக் குறுக்கீடு விஷம். கணக்குப் போடுகிறவர்களும் நிரல் எழுதுகிறவர்களும் இதையே சொல்கிறார்கள். நான் செய்வது, முதல் சுற்றுக்கு மட்டும் சாவி கொடுப்பது. கை ஓடத் தொடங்கிவிட்டால் டைமரை மேசை இழுப்பறையில் போட்டுவிடுவேன். முறைப்படி பார்த்தால் இது தப்பு, அட்டவணை வைத்து நான்கு சுற்று எண்ணுகிறவர்கள் கோபப்படுவார்கள். எனக்கு இது தொடங்குவதற்கான கருவி மட்டும்தான். அதையும் முறைப்படிதான் செய்ய வேண்டும் என்று கிளம்பினால் பழைய நோயே வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்துவிடும்.

யார் வாங்கலாம்: ஆய்வேடு எழுதுகிறவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், வருமான வரிக் கணக்குக் காகிதங்களைக் கவரில் போட்டு ஜூலை வரை ஊறவைக்கிறவர்கள், வீட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள். யாருக்கு வேண்டாம்: டிக்டிக் சத்தத்தில் பதற்றம் கூடுகிறவர்கள், கைக்குழந்தை தூங்கும் வீடு, ஏற்கெனவே உட்கார்ந்ததும் வேலையில் மூழ்கிவிடும் பாக்கியசாலிகள். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன், ஒன்றைக் குறைத்தது பிளாஸ்டிக் பல்சக்கரத்துக்காக.

முடிந்தால் ஆன்லைனில் வாங்காமல் கடைக்குப் போய் வாங்குங்கள். பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, 55 வரை திருகி, 5க்குக் கொண்டுவந்து கல்லா மேசையில் வைத்துவிட்டு, மணி அடிக்கும் வரை நின்று கேளுங்கள். திருகும்போது எங்காவது கரகரவென்று மாட்டினால் வேறு ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். அந்த ஐந்து நிமிடமும் கடைக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார், பார்த்தால் பார்க்கட்டும்.